இருபது மைல்

ஐம்பது டிகிரியில் கடல் கொதிக்கும் என்றால்
எங்கள் தெருவில் நம்ப மாட்டார்கள்.
பெட்டிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால்
தண்ணீருக்கு அவ்வளவு சூடே போதும்,
மெயின் எஞ்சின் வேர்த்துத் தள்ளும் மிச்சச் சூடு.
ஒரு நாளைக்குப் பதினெட்டு டன் நன்னீர்.
இருபத்திரண்டு பேர் குளிக்கிறோம்,
கேப்டன் இரண்டு வேளை.

மூன்றாம் எஞ்சினியர் நான்.
மூன்று மாதத்துக்கொரு தரம் அந்தப் பெட்டியைத் திறப்பேன்.
தகடுகளில் கடல் சுண்ணாம்பாய் ஒட்டியிருக்கும்.
அமிலத்தில் ஊறவைத்து, பிளாஸ்டிக் பிரஷால் மட்டும் தேய்த்து,
ரப்பர் வளையங்களை விரலால் தடவிப் பார்த்து அடுக்கி,
டேப் பிடித்து அளந்து முறுக்குவேன்.
ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால் ஒழுகும்,
ஒரு மில்லிமீட்டர் கூடினால் நசுங்கும்.
உப்பு பத்து பிபிஎம் தாண்டினால் அலாரம் அலறும்,
வால்வு தானாகத் திரும்பிக்கொள்ளும்,
ஒரு சொட்டு தொட்டிக்குள் போகாது.

பத்து.

லீவில் வந்த மூன்றாம் நாள்,
பழக்கதோஷத்தில்,
பேனா மாதிரி என் பையிலேயே கிடக்கும் மீட்டரை
வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கினேன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
எதுவும் அலறவில்லை.
அம்மா அதில்தான் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கும்
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளுக்கும் நடுவில் எங்கள் தெரு.
முனையில் நீல அறை. ஐந்து ரூபாய்க் காசு போட்டால்
ஒரு குடம் நல்ல தண்ணீர்.
பதினோரு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது.
"கப்பல்ல இதே மிஷினத்தான நிரோஷா பாக்குற?" என்றான்
மோட்டார் போடும் சம்பங்கி,
அரைஞாணில் கட்டிய சாவியை அவிழ்த்துக்கொண்டே.

இதே மிஷின் இல்லை.
அது ஆவியாக்கும், இது சவ்வில் அழுத்திப் பிழியும்.
ஆனாலும் உப்பு உப்புதானே.
வடிகட்டியைத் திறந்தால் காவிச் சேறு.
மூன்று சவ்வில் ஒன்று கல்.
அமிலம் வேண்டும் என்றேன்.
"எந்த அமிலம்னு சொல்லு, ஷெட்டுல இல்லாததா?"
வேண்டாம் என்று
மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு
அரைக் கிலோ வாங்கிவரச் சொன்னேன்.

சாயங்காலம் மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது.
குடங்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டன,
குடத்துக்காரிகள் பிறகு வந்தார்கள்.

ஒரு குடம் நல்லது வர
ஒன்றரைக் குடம் கெட்டது வரும்.
அது எங்கே போகிறது என்று
அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
வேலிகாத்தான் முள்ளுக்கு அடியில் வளைந்து
பாழுங்கிணற்றுக்குள் இறங்கியிருந்தது குழாய்.
அதிலிருந்து நாற்பதடியில்
இதே மிஷினுக்கு நீர் தரும் ஆழ்துளை.
தான் துப்பியதைத் தானே குடித்து
ஆறு வருஷமாய் இன்னும் கொஞ்சம் கெட்டியாகத் துப்புகிறது.

போன பயணத்தில், இரவு இரண்டு மணிக்கு,
மேலிருந்து போன்: கரை நெருங்குகிறது, நிறுத்து.
கரைக்கு இருபது மைலுக்குள் தண்ணீர் எடுக்கக் கூடாது.
மனிதர்கள் கடலில் விடுவதெல்லாம் அதற்குள்தான் மிதக்கும்.
முதலில் சூட்டைத் திருப்பி, பிறகு பம்பை அணைத்து,
கடைசியில் காற்றை உள்ளே விட்டேன்.
மேலே போய் வரைபடத்தைப் பார்த்தால்
பாலாறு கடலில் சேரும் இடம்.
வரைபடத்தில் சேர்ந்துதான் இருந்தது.

இங்கிருந்து கடல் நூறு கிலோமீட்டர்.
கப்பல் நியாயப்படி பார்த்தால்
இந்தத் தெருவில் யாருமே
தண்ணீர் எடுக்கக் கூடாது.

ஆக்சா பிளேடு கேட்டேன். கொடுத்தான்.
கிணற்றின் வாயருகே குழாயை அறுத்து வெளியே இழுத்தேன்.
"சரி, எங்க வுடறதுன்னு சொல்லு, வுடறேன்."
கிழக்கே கன்னியம்மா வீட்டுக் கிணறு.
தெற்கே ஏரி.
வடக்கே ஆறு, அது ஆறாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
மேற்கே அரசுப் பள்ளிக்கூடம்.

கப்பலில் இந்தக் கேள்வியே கிடையாது.
உப்பைத் திருப்பிக் கொடுத்தால்
கடல் திரும்பிக்கூடப் பார்க்காது.

அறைக்குள் யாரோ காசு போடும் சத்தம்.
குழாயைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன்,
செருப்பெல்லாம் நனைகிறது,
காய்ந்த இடத்தில் வெள்ளையாய்.